ஒன்பதாம் இலக்கக்காரனின் கண்

மச்சான்,

பேத்தியின் ஹொக்கிப் பையைப் பிரித்துக் காயவைப்பது இந்த வீட்டில் என் பொறுப்பு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். நிலவறையில் சூடு வரும் துவாரத்துக்கு முன்னால் அவளுடைய கையுறைகளையும் முழங்கால் காப்புகளையும் பரப்பி வைப்பேன். ஈரத் தோலும் பழைய வியர்வையும் கலந்து ஒரு மணம் எழும்பும். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே ஓடிவிடுவாள். நான் ஓடுவதில்லை. உடுவில் பள்ளி மைதானத்தில் ஒரே ஒரு சோடிக் காற்காப்பை நாங்கள் எல்லோரும் மாறி மாறிக் கட்டிக்கொண்ட பின்னேரங்களில் இதே மணம்தான் வரும்.

போன மாதம் அப்படிக் காயவைத்துக்கொண்டிருந்தபோது மேலே பேத்தி கத்துவது கேட்டது. என்னவோ ஏதோவென்று ஓடினேன். தொலைக்காட்சியில் இளையோருக்கான உலக ஐஸ் ஹொக்கிப் போட்டி. இந்த நாட்டுப் பிள்ளைகளும் இன்னொரு நாட்டுப் பிள்ளைகளும் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மல்லாக்காக விழுந்து கிடந்தான். அவன் நெஞ்சின் மேல் இன்னொருவன் ஏறி இருந்து முகத்தில் குத்தினான். ஐஸில் இரத்தம். வாங்கில் இருந்தவர்களும் பாய்ந்து வந்தார்கள். அரங்கு முழுவதும் எழுந்து நின்று கொடி ஆட்டியது. வீட்டுக்குள்ளே பேத்தியும் கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு கதிரையில் ஏறி நின்றாள்.

"குத்து! இன்னும் குத்து!"

"பிள்ளை, அவன் கீழை கிடக்கிறானம்மா" என்றேன்.

"அவங்கள்தான் முதல் துவங்கினது, அம்மப்பா. எங்கடை ஆக்கள் விடக் கூடாது."

எங்கடை ஆக்கள். நான் திரும்பக் கீழே போய்ப் படியில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்து பக்கத்தில் இருந்தாள். "ஏன் அழுறீங்கள்?" என்று கேட்டாள். முப்பது நாற்பது வருடமாக ஒருவருக்கும் சொல்லாத உன் கதையை அந்தப் படியில் இருந்து அவளுக்குச் சொன்னேன். சொன்னதால் ஒன்று நடந்தது. அதை உனக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன். எடுத்த எடுப்பில் சொல்ல என்னால் முடியவில்லை, பொறு.

உன்னை நினைத்தால் முதலில் உன் கால்கள்தான் வருகின்றன. சுன்னாகத்தில் உன் ஐயா வெங்காயம் வைத்திருந்தார். நீ தோட்டத்துக்கு இறைத்துவிட்டு அப்படியே சைக்கிளில் மைதானத்துக்கு வருவாய். முழங்கால் வரைக்கும் செம்மண். சப்பாத்துப் போட்டபின்னும் அந்தச் சிவப்பு தெரியும். நீ பின்காப்பில் நின்றால் எதிராளி பந்தைக் கொண்டு வரத் தயங்குவான். ஆனால் நீ ஒருவனையும் அடித்து நான் கண்டதில்லை. சின்னப் பெடியங்கள் மட்டையைக் காலுக்கு வீசினால், "டேய், பந்துக்கு அடிக்க ஏலாதவன்தான் காலுக்கு அடிப்பான்" என்று பேசுவாய்.

எண்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் தீவின் இளையோர் அணிக்கு வடக்கிலிருந்து எடுபட்டவர்கள் நாங்கள் இருவர்தான். நீ பின்காப்பு. நான் வாங்கில் காத்திருக்கும் மாற்று ஆள். அணியில் மற்றவர்கள் எல்லோரும் சிங்களப் பிள்ளைகள். கோல்காப்பாளன் நிஷாந்த தெற்குக் கரையோரத்தான். பயிற்சி முகாமில் உன் பக்கத்துக் கட்டில். நீ அவனுக்குக் கொஞ்சம் தமிழ் படிப்பித்தாய், அவன் உனக்குக் கொஞ்சம் சிங்களம். தனக்கு முன்னால் நீ நின்றால் தனக்குப் பயமே இல்லை என்று அவன் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான்.

அந்த வருடம் இந்தியாவிலிருந்து ஓர் இளையோர் அணி வந்தது. கொழும்பில் நடந்த முதல் ஆட்டத்திலேயே மனங்கள் கெட்டுப்போயின. எங்கள் பக்கத்து ஒருவன் வேண்டுமென்றே மட்டையைத் தூக்கி அவர்களில் ஒருவனின் விரலை உடைத்தான். அவர்கள் பதிலுக்கு எங்கள் ஆளின் உதட்டைக் கிழித்தார்கள். பத்திரிகைகள் அதை ஊதிப் பெருப்பித்தன. பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் விளையாட்டு இரண்டு நாடுகளின் மானமாகிப் போயிற்று. அடுத்த ஆட்டம் யாழ்ப்பாணத்தில்.

ஆட்டத்துக்கு முதல்நாள் நிஷாந்தவை நீ வீட்டுக்குக் கூட்டிப்போனாய். நானும் வந்தேன். உன் அம்மா புட்டும் முருங்கைக்காய்க் கறியும் வைத்தா.

"தம்பி, இன்னும் கொஞ்சம் போடட்டோ?"

"ஓம் அம்மா, போடுங்கோ" என்றான் அவன். அம்மா சிரித்த சிரிப்பில் அகப்பை கையிலிருந்து நழுவியது. "உவன் எங்கடை பிள்ளை மாதிரியெல்லோ கதைக்கிறான்!" என்றா.

அடுத்த நாள் பட்டணத்து விளையாட்டரங்கில் கால் வைக்க இடமில்லை. எங்கள் ஊர்ச் சனம். எங்கள் பள்ளிப் பெடியங்கள், எங்கள் அயலட்டை, உன் ஐயாவோடு சந்தையில் வெங்காயம் விற்கிறவர்கள். நாட்டுக் கீதம் இசைத்தபோது ஒருவரும் எழும்பவில்லை. இந்திய அணி உள்ளே வந்தபோது வானம் இடியும்படி கை தட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் சட்டையில் இருந்த நாட்டுக் கொடியின் பெயரால் எரிக்கப்பட்ட நூலகமும் கடைகளும் அந்தப் பட்டணத்தில் இன்னும் கரியாக நின்றன. ஆனாலும், சொந்த ஊர் மைதானத்தில் சொந்த ஊர்ச் சனம் உனக்கு எதிராகக் கத்துவதைக் கேட்டபடி நீ எப்படி நின்றாயோ! உன் மட்டைக்குப் பந்து வரும்போதெல்லாம் ஊளையிட்டார்கள். நீ ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர்கள் அணியில் ஒன்பதாம் இலக்கச் சட்டைக்காரன் ஒரு மெல்லிய, கறுத்த பெடியன். பாண்டியன் என்று ஆட்டத் தாளில் இருந்ததைப் பிறகுதான் பார்த்தோம். காற்று மாதிரி ஓடினான். விரல் முறிந்தவன் அவனுடைய சிநேகிதன் என்று பிறகு அறிந்தோம். நிஷாந்த அவனுடைய மூன்று அடிகளை மறித்துவிட்டு ஒவ்வொரு தடவையும் அவனைப் பார்த்துச் சிரித்தான். ஆட்டம் முடியும் தறுவாய். பந்து கோலுக்கு முன்னால் உருண்டது. நிஷாந்த பாய்ந்து விழுந்து அதை உடம்பால் மூடினான். நடுவர் ஊதினார். எல்லோரும் நின்றார்கள், ஒன்பதாம் இலக்கக்காரன் நிற்கவில்லை. கீழே கிடந்தவனின் விலாவில் மட்டையால் அடித்தான். திரும்பவும் அடித்தான். பிறகு மட்டையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினான். நிஷாந்தவின் தலை வெறும் தலை.

நீ எங்கிருந்து வந்தாய் என்று எனக்குத் தெரியாது. உன் மட்டை அவன் முகத்தில் பட்ட சத்தம் வாங்கு வரைக்கும் கேட்டது.

அவன் இரண்டு கையாலும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு முழங்காலில் விழுந்தான். "ஐயோ அம்மா! கண்ணு தெரியலையே!"

அவன் தமிழன் என்று அந்த நேரம்தான் உனக்குத் தெரியும். உன் கையிலிருந்து மட்டை விழுந்தது. இரண்டு பக்கத்து வாங்குகளும் காலியாகி எல்லோரும் மட்டையோடு உள்ளே பாய்ந்துவிட்டார்கள். பல்லும் இரத்தமுமாக அந்த இடம் கிடந்தது. சனம் வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே வந்தது. அத்தனை அமளிக்கும் நடுவே நீ அவனுக்கு முன்னால் முழங்காலில் இருந்தாய். உன்னை இழுத்துக்கொண்டு போக வந்த நான் அதைக் கேட்டேன்.

"தம்பி, கையை எடு, பாப்பம். எங்கை பட்டது?"

அவன் விரலிடுக்கால் இரத்தம் வழிந்தது. "என்னை ஏண்ணே அடிச்சீங்க?" என்றான்.

அண்ணே என்றான்.

உடை மாற்றும் அறையில் அணியின் முகாமையாளர் உன்னைக் கட்டிப்பிடித்து, நாட்டின் மானத்தைக் காப்பாற்றினாய் என்றார். பெடியங்கள் உன்னைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். நீ அந்தச் சட்டையைக் கழற்றி வாங்கில் வைத்துவிட்டு வெறும் மேலோடு வெளியே போனாய். ஆஸ்பத்திரி வாசலில் அவனுடைய அணிக்காரர்கள் உன்னை உள்ளே விடவில்லை. ஒருவன் உன் முகத்தில் துப்பினான். நீ துடைக்காமல் நின்றாய். விடிந்ததும் அவனைக் கொழும்புக்குக் கொண்டுபோய் அங்கிருந்து விமானத்தில் ஊருக்கு ஏற்றிவிட்டார்கள் என்று சொன்னார்கள். கண் போய்விட்டதா, இருக்கிறதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்றைக்குத் தொடங்கியது மச்சான், அந்தக் கேள்வி.

ஊருக்குள் உனக்கு ஒரு பெயர் வந்தது. சிங்களவனுக்காகத் தமிழனின் கண்ணைக் குத்தினவன். சந்தையில் உன் ஐயாவின் வெங்காயத்தைச் சிலர் தொடாமலே போனார்கள். அவர் மூட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டு வந்தார். எங்களோடு விளையாடினவர்களே உன்னைக் கண்டால் சைக்கிளை மற்றப் பக்கம் திருப்பினார்கள். நீ யாரோடும் வாதாடப் போகவில்லை. "அவங்கள் சொல்லுறதிலை பிழை இல்லை. நான் அடிச்சனான்தானே" என்பாய். மட்டையைத் தொடுவதை விட்டாய். கொழும்பிலிருந்து பயிற்சிக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தபோது நீ போகவில்லை. நான் போனேன். அது ஆடி மாதம்.

அந்த ஆடியில் கொழும்பில் தமிழருக்கு நடந்ததை நான் உனக்குத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. முகாமில் என்னைத் தேடி ஆட்கள் வந்தபோது நிஷாந்த என்னைப் பின்மதிலால் ஏற்றிவிட்டான். அவனுடைய மாமா வீட்டில், சமையலறைக்குப் பின்னால் விறகு அடுக்கிய அறையில் என்னை வைத்திருந்தார்கள். வாசலில் கும்பல் நின்று கேட்டபோது, உள்ளே யாரும் இல்லை என்று அவன் வாசற்படியில் நின்று சத்தியம் பண்ணியது எனக்குக் கேட்டது. கோவிலில் அகதிகளோடு என்னைச் சேர்க்கும்போது சொன்னான்: "அவனிட்டைச் சொல்லு. நான் மறக்கேல்லை."

கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினேன். கரையில் நீ நின்றாய். வந்திறங்கிய கிழவர்களை முதுகில் தூக்கிக்கொண்டு போய் லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய், எங்கேயும் காயம் இருக்கிறதா என்று. அன்று பின்னேரம் உன் தோட்டத்து வரப்பில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அண்டைக்கு நீ அடிச்சபடியாலைதான் மச்சான் இண்டைக்கு நான் உயிரோடை நிக்கிறன்."

நீ வாய்க்காலைப் பார்த்தபடி கேட்டாய்.

"அப்ப அந்தப் பெடியன்ரை கண்ணுக்கு நீயோ? அப்பிடி மாத்தலாமோடா? நீ வந்தது நல்லது. அது வேறை. அவன்ரை கண் என்னெண்டு தெரியாமல் எனக்குக் கண்ணை மூட ஏலாமல் கிடக்கு."

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் எங்கள் வகுப்புக்காரர்களில் பாதிப் பேர் கடல் கடந்து இந்தியாவுக்குப் போனார்கள், போராட்ட இயக்கங்களுக்கென்றும் அகதிகளாகவும். போகிற ஒவ்வொருவனையும் நீ போய்ப் பிடிப்பாய். உன்னை ஏசினவனைக்கூட. "அங்கை ஹொக்கி விளையாடுறவையளைக் கண்டால் பாண்டியன் எண்டு ஒருத்தனைக் கேள். ஒன்பதாம் இலக்கம். கண் எப்பிடி எண்டு மட்டும் கேள்." போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். ஒருவன், அவன் குருடாகிவிட்டான் என்றான். இன்னொருவன், அவன் செத்தே போனான் என்றான். மூன்றாமவன், அப்படி ஒருவன் இல்லவே இல்லை என்று சிரித்தான். ஒவ்வொரு கதைக்கும் நீ இளைத்தாய். உன் அம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்புவா. "நீயாவது சொல்லு தம்பி. தெரியாததை நினைச்சு நினைச்சு என்ரை பிள்ளை சாகப் போறான்." நான் வந்து சொல்லுவேன். நீ இரண்டு வாய் சாப்பிடுவாய்.

ஒருநாள் இயக்கப் பெடியங்கள் உன்னை விசாரிக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். நீ யாருடைய ஆள் என்று கேட்டார்களாம். "ஒருத்தற்றை ஆளுமில்லை. தோட்டம் செய்யிறன்" என்றிருக்கிறாய். அவர்கள் உன்னை விட்டுவிட்டார்கள். உன் கண்ணைப் பார்த்திருப்பார்கள்.

எண்பத்தேழில் கடலுக்கு அப்பாலிருந்து இந்தியப் படை வந்தது. சமாதானம் வந்துவிட்டது என்று சனம் மாலை போட்டது, பொங்கிக் கொடுத்தது. உனக்கு அதெல்லாம் ஒன்றும் இல்லை, கேட்பதற்கு ஆள் வந்திருக்கிறது என்பதே பெரிதாக இருந்தது. சிப்பாய்கள் சிலர் எங்கள் மைதானத்தில் கோல் கம்பங்களைக் கண்டு ஹொக்கி விளையாட வந்தார்கள். அவர்களில் தமிழ் பேசுகிற ஒருவன், மதுரைப் பக்கத்தான். நீ அவனிடம் போய் எல்லாவற்றையும், அடித்தது நான்தான் என்பதையும் சேர்த்து, சொன்னாய். அவன் கேட்டுவிட்டு உன் தோளில் கை வைத்தான்.

"தீபாவளி லீவுல ஊருக்குப் போவேன். விசாரிச்சிட்டு வந்து கண்டிப்பா சொல்றேங்க."

அந்தக் கிழமைகளில்தான் நீ சிரித்ததைக் கண்டேன். உன் அம்மாவிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். தீபாவளிக்கு முன்னமே அந்தப் படைக்கும் இயக்கத்துக்கும் சண்டை தொடங்கிவிட்டது.

ஷெல் அடியில் உன் ஐயா தோட்டத்துக் கிணற்றடியிலேயே போனார். கொள்ளி வைக்கவும் சுடலைக்குப் போக முடியாமல் வளவுக்குள்ளேயே வைத்தோம். செத்தவீட்டுக்கு வந்த அயல் பெடியன் ஒருவன், உன்னை ஒரு காலத்தில் துரோகி என்று கூப்பிட்டவன்தான், உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"அண்ணை, நீங்கள் அண்டைக்கே இந்தியனுக்கு அடிச்சனீங்கள் எல்லே! எங்களுக்குத்தான் அப்ப விளங்கேல்லை."

அன்றைக்குத்தான் உன் குரல் உயர்ந்து கேட்டேன். சனம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"நான் இந்தியனுக்கு அடிக்கேல்லையடா! சிங்களவனுக்காகவும் அடிக்கேல்லை! ஒரு பெடியன் இன்னொரு பெடியனைக் கொல்லப் பார்த்தான், நான் அடிச்சன். அவனுக்கும் ஒரு தாய் இருக்கிறா. என்னை விடுங்கோவன்டா!"

அவர்கள் விடவில்லை. உன் கதை திரும்பவும் சந்தைக்குப் போனது, இந்த முறை பெருமையாக. சந்தியில் நின்று கதைத்தார்கள், கடையில் கதைத்தார்கள். கதைத்தது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு காலை அந்தப் படையினர் எங்கள் ஊரைச் சுற்றி வளைத்து ஆண்களை எல்லாம் மைதானத்தில் இருத்தினார்கள். என்னை விட்டார்கள். உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றினார்கள்.

முகாம் வாசலில் உன் அம்மாவும் நானும் வெயிலில் நின்றோம். வாசலில் நிற்கிற ஒவ்வொரு சிப்பாயிடமும் அம்மா, "என்ரை பிள்ளை ஒருத்தருக்கும் கெடுதல் செய்யாதவன் ராசா" என்று சொன்னா. அவர்களுக்கு விளங்கவில்லை. மதுரைக்காரனைக் கேட்டோம். அவன் சண்டை தொடங்கிய கிழமையே செத்துவிட்டான் என்று இன்னொருவன் கையால் காட்டினான்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் உன்னை விட்டார்கள். உன்னால் நிமிர முடியவில்லை. என் சைக்கிள் பாரில் இருத்தி, நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு உருட்டினேன். உன் உடம்பில் பாரமே இல்லை. வழியில்தான் சொன்னாய்.

"இந்தியப் பிள்ளையின்ரை கண்ணை உடைச்சவன் நீயோ எண்டு கேட்டாங்கள்."

"நீ என்ன சொன்னாய்?"

"ஓம் எண்டன்."

"உனக்கென்ன விசரோடா!"

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டு நினைச்சன் மச்சான். இவ்வளவு விசாரிக்கிறாங்கள், தெரிஞ்சிருக்கும்தானே. அவன்ரை கண் எப்பிடி எண்டு நானும் கேட்டன்."

"என்ன சொன்னாங்கள்?"

"அடிச்சாங்கள். ஒவ்வொரு நாளும் கேட்டன். ஒவ்வொரு நாளும் அடிச்சாங்கள்."

நான் சைக்கிளை நிறுத்திவிட்டேன். நடுத்தெருவில் உன்னைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீதான், "உருட்டு, அம்மா பாத்துக்கொண்டு நிப்பா" என்றாய்.

உனக்கு உள்ளே என்னவெல்லாம் உடைந்திருந்தது என்று ஆஸ்பத்திரியில் சரியாகச் சொல்லவில்லை. மருந்தும் இல்லை, பார்க்க ஆளும் குறைவு. சிறுநீர் இரத்தமாகப் போயிற்று. மாசி பிறந்தபோது வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கடைசியில் உனக்கு நினைவு தடுமாறியது. என்னைப் பார்த்து, "தம்பி, கையை எடு, பாப்பம்" என்றாய். நான் கண்ணைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன், அழுகையை மறைக்க. கையை எடுத்தேன். நீ என் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாய். அவன் இல்லை என்று உனக்குத் தெரிந்துவிட்டது. அன்று பின்னேரம் நீ போய்விட்டாய்.

அதோடும் முடியவில்லை. உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தபோது பின்பக்க வேலியால் பெடியங்கள் சிலர் வந்தார்கள். அந்நியப் படைக்கு முதல் அடி கொடுத்தவன் என்று நோட்டீஸ் ஒட்டப் போவதாகவும் உன் படம் ஒன்று தரும்படியும் கேட்டார்கள். உன் அம்மா எழும்பி உனக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றா.

"ஒருக்கால் அந்த அணிக்காரர் தோளிலை தூக்கப் பாத்திச்சினம். பிறகு நீங்கள் துரோகி எண்டீங்கள். பிறகு அவங்கள் கொண்டுபோய் உடைச்சாங்கள். இனி நீங்கள் வாறியளோ? இவன் என்ரை பிள்ளை மட்டும்தான். போங்கோ."

அவர்கள் போனார்கள்.

பிறகு நானும் கலியாணம் கட்டினேன், மகள் பிறந்தாள். தொண்ணூற்று ஐந்தில் சண்டைக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் மழையில் கிளம்பி நடந்தபோது உன் அம்மாவையும் எங்களோடு கூட்டிக்கொண்டு வந்தேன். அவ்வளவு சனத்துக்குள் என் சேட்டின் நுனியைப் பிடித்தபடி நடந்து வந்தா. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையின் மூலைதான் கிடைத்தது. அங்கேதான் காய்ச்சல் பிடித்தது. படுக்கையில் கிடந்து ஒருநாள் என்னிடம் கேட்டா: "தம்பி, அந்தப் பிள்ளையின்ரை தாய் என்னைத் திட்டியிருப்பா எல்லே?" "இல்லையம்மா" என்றேன். நம்பாமல் என்னைப் பார்த்தா. மழை விடமுன்னமே அவவும் போய்விட்டா.

இனி அந்தச் செய்தி.

நிலவறைப் படியில் இருந்து கதை கேட்ட பேத்தி, கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்ப அவற்றை கண்ணுக்கு என்ன நடந்தது?" எனக்குத் தெரியாது என்றேன். "நீங்கள் தேடிப் பார்க்கேல்லையோ?" நான் ஒருபோதும் தேடவில்லை மச்சான். எனக்குப் பயம். அவள் மேலே போய்க் கணினியைத் திறந்தாள். பெயர், விளையாட்டு, ஊர்ப்பக்கம். இரண்டு கிழமை யார் யாருக்கோ எழுதினாள். தென் தமிழ்நாட்டில் பழைய ஹொக்கிக்காரர்கள் கூடி எடுத்த படம் ஒன்று கிடைத்தது. அதிலிருந்து ஒரு தொலைபேசி இலக்கம்.

நேற்று திரையில் அவர் முகம் வந்தது. நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி. பின்னால் ஒரு சின்னப் பிள்ளை ஓடிக்கொண்டிருந்தது. நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. இடது கண்ணைத்தான் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது.

"சிலோன் மேட்ச்சா? அடேயப்பா, அத இன்னுமா ஞாபகம் வச்சிருக்கீங்க!" என்று சிரித்தார். "கண்ணு நல்லா வீங்கிப்போச்சு. ஒரு மாசம் கட்டு. அப்புறம் சரியாயிடுச்சு. அதுக்கப்புறம் பத்து வருஷம் ஆடினேனே! அந்த ஆட்டத்தாலதான் பேங்க்ல வேலையே கிடைச்சுது."

ஒரு மாதம். சந்தையில் உன் ஐயாவின் வெங்காயத்தைத் தொடாமல் போன நாட்களிலேயே அவருக்குக் கண் சுகமாகியிருக்கிறது.

அவர் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "தப்பு என்னோடதுங்க. கீழ விழுந்து கெடந்தவன அடிச்சேன். வெறி. அன்னைக்கு அந்த அண்ணன் என்னைத் தடுக்கலேன்னா நான் கொலைகாரனாத்தான் ஊருக்குப் போயிருப்பேன். எங்க அம்மா சாகிற வரைக்கும் அவருக்காகச் சாமிக்கு விளக்கு வச்சாங்க. அவர் எங்க இருக்கார்? ஒரு வார்த்தை பேசணுமே."

"அவன் இல்லை. எண்பத்தெட்டிலை போயிட்டான்" என்றேன்.

"அடடா. சின்ன வயசாச்சே. என்னங்க ஆச்சு?"

பேத்தி பக்கத்தில் இருந்து என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். திரையில் அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார். அவர் மடியில் அந்தச் சின்னப் பிள்ளை வந்து ஏறியது. சொல்லியிருந்தால் இனி அவருக்கும் நித்திரை இருக்காது.

"காய்ச்சல்" என்றேன். "காய்ச்சலிலை போனவன்."

அவர் கண்ணைத் துடைத்தார். நான் வணக்கம் சொல்லி நிறுத்தினேன். பேத்தி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உன்னிடம் சொல்ல வேண்டியதை வைத்துக்கொண்டு, அவரிடம் சொல்லக் கூடாததையும் வைத்துக்கொண்டு, நான் இரவு முழுவதும் இந்தக் கதிரையில் இருந்தேன். உன் அம்மாவிடம் சொல்ல வேண்டியதும் என்னிடம்தான் கிடக்கிறது. அந்தப் பிள்ளையின் தாய் விளக்கு வைத்தா அம்மா, உங்களைத் திட்டவில்லை.

அவனுக்குக் கண் தெரியுதடா மச்சான். வடிவாத் தெரியுது.